முதல் சண்டையில் செத்தவனுக்கு வெள்ளைக்கொடி

பல்லேகலையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆபீஸ் கிளாக்கர் தவசீலன் இருபது வருடமாக ஒரே சண்டை வீடியோ கேமை, அதுவும் ஒரே குங்ஃபூ வீரனாகவே விளையாடுகிறார். மனைவி கஜனிக்குக்கூட அவ்வளவு நேரம் ஒதுக்கியதில்லை.

அந்தக் கேமை வைத்து எடுத்த இரண்டாவது சினிமாப் படம் போன ஞாயிறு கண்டிக்கு வந்தது. நெஞ்சில் ஈரமில்லாத பாவிகள், அந்த வீரனை முதல் சண்டையிலேயே கொன்றுவிட்டார்கள். தவசீலன் படம் பார்த்து வீடு திரும்பியதும், சாவு வீட்டில் கட்டுவதுபோல் வாசலில் வெள்ளைக்கொடி கட்டினார்.

கொடியைப் பார்த்த மரண உதவிச் சங்கச் செயலாளர் முத்துக்குமார், கூடாரமும் ஐம்பது கதிரையுமாக வந்து இறங்கினார்.

"யாருங்க தவறினது?"

கஜனி தலையில் அடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

செயலாளர் கத்தப்போகிறார் என்று நினைத்தோம். அவரோ ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"நானும் அந்தக் கேம்தாங்க வெளையாடுறேன். என்னோட ஆளு மொதப் படத்துலயே போயிட்டாரு. ஒரு கொடி கட்டணும்னு எனக்குத் தோணாமப் போச்சே!"