ருசி பார்ப்பது தின்பதாகாது

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை, வீடு ராஜபாளையத்தில். சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷம். செருப்பு கடித்து வலது கால் சுண்டுவிரலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. "சர்க்கரை இறங்கலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர். இனிப்பு சாப்பிடுவீர்களா என்று கேட்டார். "தொடுறதே இல்ல சார்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

பயத்தில் பஸ்ஸில் யார் காலைப் பார்த்தாலும் அழுகை முட்டியது. உடனே பெரிய பெரிய திட்டங்களில் இறங்கினேன். பத்து கிலோ கேழ்வரகு வாங்கினேன். நடைப்பயிற்சிக்கென்று விலை கூடிய ஷூ வாங்கினேன். காலில் புண்ணை வைத்துக்கொண்டு ஷூ வாங்கிய புத்திசாலி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். சர்க்கரையோ இறங்குவேனா என்றது. லேப் மெஷின் மேல் சந்தேகப்பட்டு வேறு லேபுக்கும் போய்ப் பார்த்தேன்.

ஒருநாள் களி கொண்டுவந்த மனைவி, மதியம்வரை கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டி அடுப்பிலிருந்து இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் வழித்து நாக்கில் வைத்து, அடுத்த சட்டிக்குச் சர்க்கரை அளவு சொல்வது என் இருபது வருஷப் பழக்கம். என் நாக்குதான் இந்தக் கடைக்கு மூலதனம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

"ஒம்போது வாட்டி ஆச்சு. டாக்டர்ட்ட தொடுறதே இல்லன்னுல்லா சொன்னீக?"

"ருசி பாத்தேன்ட்டி. திங்கலையே."

"அது ருசியா தீனியான்னு வயித்துக்குத் தெரியுமாக்கும்!"

"நான் பாக்காட்டா கடை படுத்துரும்."

"படுக்கட்டும். விரல் போன பொறவு அந்த நாக்கை வச்சு என்ன செய்யப் போறீக?"

அன்றே ஒரு சட்டம் போட்டாள். சட்டி இறங்கியதும் ஒரு வாய் தண்ணீரை எடுத்து வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். பால்கோவா தட்டுக்கு மாறும்வரை விழுங்கக் கூடாது. ருசி பார்க்கும் வேலை அடுப்படியில் கிண்டுகிற அக்காவுக்குப் போனது. விலை கேட்பவர்களுக்கு நான் உப்பிய கன்னத்தோடு விரலைக் காட்டினேன். "அண்ணாச்சிக்குப் பல்வலியா?" என்று கேட்காத ஆளில்லை.

மாத்திரையும் கட்டும் முன்போலவேதான். மூன்றாம் மாதம் சர்க்கரை இறங்கிப் புண் மூடியது. "விரல் தப்பிச்சிருச்சு" என்று டாக்டர் சொன்னதும் அங்கேயே சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். மானம் போனால் போகட்டும் என்றிருந்தது.

அடுத்த வாரம், எங்களிடமே வருஷக்கணக்காக வாங்கும் சோழபுரத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, இப்ப ரெண்டு மூணு மாசமா பால்கோவா பிரமாதம். முன்னெல்லாம் இனிப்பு செத்த தூக்கலா இருக்கும். சொன்னா வருத்தப்படுவீகன்னு சொல்லல" என்றார்.

அக்கா கரண்டியைப் பிடித்தபடி தலையைக் குனிந்து சிரித்தாள். இந்த நாக்குக்காகவா ஒரு விரலையே கொடுக்க இருந்தேன் என்று நினைத்ததும், என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.