மைக்கில் விழுந்த சைல்டிஷ்

ஓவிய ஆசிரியருக்கும் தலைமையாசிரியைக்கும் ஜென்மப் பகை. ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சாரத்தில் நின்று, பள்ளியின் மாடிப்படிச் சுவரில் அவர் அலையடிக்கும் ஒரு கடலை வரைந்திருந்தார். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று அந்தம்மா அதன்மேல் வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "செவுரு பளிச்சுன்னு இருக்க வேண்டாமா சார்?" என்று பதில்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆசிரியர் கூட்டங்களில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவார். அந்தம்மா வணக்கம் வைத்தால் தூரிகை கழுவப் போய்விடுவார். ஓய்வுபெறும் நாள்வரை இப்படியே ஓடியது.

வழியனுப்பு விழாவுக்கே வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தவரை மனைவிதான் கிளப்பிக் கூட்டிவந்தாள். அவரை மேடையேற்றிவிட்டு, தான் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். விழா என்றால் நாலு ஆங்கில வார்த்தை போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "நம்ம சார் மனசு இருக்கே, ரொம்ப சைல்டிஷ்" என்றார் உருக்கமாக.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓவியருக்குக் காது மடல் கொதித்தது. மாலையைக் கழற்றி வீசினார்.

"வேணும்னுதானே சொன்னீங்க?"

"என்ன சார் தப்பு? குழந்தை மாதிரின்னு பெருமையாத்தானே சொன்னேன்!"

"அதுக்குப் பேரு சைல்ட்லைக்! நீங்க சொன்னது வேற!"

அந்தம்மா ஆங்கில ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். அவர் நெளிந்தார். "சைல்ட்லைக்னா கள்ளமில்லாத மனசு, மேடம். சைல்டிஷ்னா... வயசாகியும் சின்னப்புள்ளத்தனம். வீம்பு, அடம், அந்த மாதிரி."

மன்னிப்புக் கேட்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தம்மா கீழே கிடந்த மாலையைப் பார்த்தார், ஓவியரைப் பார்த்தார். "அப்ப தெரியாமலே சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றார், மைக்கிலேயே.

மறுபடி சிரிப்பு. அதில் மனைவியின் குரல் அவர் காதில் தனியாக விழுந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார். "நீயும் சேந்து சிரிச்சேல்ல?"

"ஆமா, சிரிச்சேன். கோபம்னா நேருக்கு நேர் சண்டை போட்டிருக்கணும். நீங்க நாற்காலியத் திருப்பிப் போட்டீங்க. புது வீட்டுக்குக் கூப்பிட மறந்துட்டான்னு எங்க அண்ணன் போனையும் இன்னிக்கு வரைக்கும் எடுக்கறதில்ல. எல்லார்கிட்டயும் உங்களுக்காகச் சமாதானம் சொல்லியே என் வாய் வலிக்குது."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கடல் நன்றாக இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்பதுதான் இத்தனை வருட ஆத்திரம். அதை மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்லவுமில்லை.

இப்போதும் கடைத்தெருவில் தலைமையாசிரியை எதிர்ப்பட்டால் மனைவி நின்று ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். இவர் காய்கறிப் பையோடு எதிர்ச்சாரிக்குப் போய், மூடிக்கிடக்கும் ஏதாவதொரு கடையின் பூட்டை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்.