மட்கார்டு நம்பர்

‘ஹயர்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சித்தப்பா. ஆளை வேலைக்கு வைத்தாலும் ஹயர், கடையில் சைக்கிளை வாடகைக்கு எடுத்தாலும் ஹயர் என்றார்.

“உன்னை யாரு சித்தப்பா ஹயர் பண்ணாங்க?” என்று கேட்டேன்.

“மகாபலிபுரம் ரோட்டுல ஒரு ஆபீஸு” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்துக்கொண்டார்.

செங்கல்பட்டில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம் சும்மா இருந்த சித்தப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றதும் சித்திக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் தூக்கில் தயிர்சாதம் வைத்து அனுப்புவாள். அவர் என்னைத் தெருமுனையில் நிற்கச் சொல்லிவிட்டுப் போய், ஆபீஸ் சைக்கிளோடு வருவார். முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். அந்த சைக்கிளின் பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர் இருக்கும். இன்றைக்கு நாலு என்றால் நாளைக்கு ஒன்பது. ஆபீஸில் மாற்றி மாற்றிக் கொடுப்பார்களாம். எனக்கா, பெருமை தாங்கவில்லை! நாளைக்கு என்ன நம்பர் என்று தோழிகளோடு பந்தயமே கட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியின் அப்பா மதுராந்தகத்திலிருந்து தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

“மாப்ளைக்கு வேலை கீதா இல்லியான்னு தெரியணும். இல்லன்னா எம் பொண்ண இட்டுகினு போறேன்” என்றார்.

சித்தி உள்ளே விசும்பினாள். நான் விடுவேனா?

“சித்தப்பா ஆபீஸ்ல பத்து சைக்கிள் இருக்கு! எல்லாத்துலயும் நம்பர் போட்டிருக்கு!”

பெரியவர் என்னையே பார்த்தார். “எங்க கண்ணு போட்டுக்கீது?”

“பின்னால, மட்கார்டுல.”

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, “நல்ல ஆபீஸுதாம்மா. நீ இங்கியே இரு” என்றார்.

புறப்படும்போது சைக்கிளைச் சித்தப்பா கையில் கொடுத்தார். “எனக்கு முட்டி புடிச்சிகிச்சி மாப்ள. இனிமே மிதிக்க முடியாது. இது இங்கியே கெடக்கட்டும்.” வேகவேகமாக ஸ்டேஷனுக்கு நடந்து போனார்.

மறுநாள் முதல் அந்த சைக்கிள்தான். மட்கார்டில் நம்பரே கிடையாது. பந்தயம் போச்சே என்று அழுது தீர்த்தேன். அந்தக் கிழவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

நாலு மாதம் கழித்து நிஜமாகவே வேலை கிடைத்த அன்று, சித்தப்பா வீட்டுக்குக்கூட வராமல் நேரே மதுராந்தகம் போய் அவர் காலில் விழுந்துவிட்டு வந்தாராம். ஏற்கனவே ஆபீஸ் போகிறவருக்கு இன்னொரு வேலை எதற்கு என்றுதான் நான் கேட்டேன்.