நான் கலந்த கண்ணாடி

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் பாத்திரம் கழுவுகிறேன். என்னோடு வேலை செய்பவள் கானா நாட்டுக்காரி. சனிக்கிழமைகளில் செயின்ட்-மிஷேலில் ஒரு மட்பாண்டக் கூடத்துச் சூளையில் அவள் பாசிமணி சுடுவாள். காலிக் கண்ணாடிப் போத்தல்களை இடித்துத் தூளாக்கி, மண் அச்சின் குழிகளில் நிரப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த மரவள்ளிக் காம்பு ஒன்றைக் குத்துவாள். சூளையில் காம்பு எரிந்துவிடும். அது நின்ற இடம் மணிக்குத் துளையாகும்.

அவர்கள் ஊரிலும் பெண்பிள்ளை பெரியவளானால் சடங்கு உண்டு. கழுத்திலும் இடுப்பிலும் மணிமாலை கட்டுவார்கள். அவளுடைய மகளுக்குப் பதின்மூன்று வயது.

“கடை மணி வேண்டாம். என்ர கையாலதான் செய்யப்போறன்,” என்றாள். நாங்கள் கதைப்பது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். என் நினைவில் எல்லாம் தமிழாகவே இருக்கிறது.

போத்தல் சேர்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். கழுவி, சாக்கில் சுற்றி உடைத்து, ஒரு வாளியில் போட்டுவைப்பேன்.

“போத்தல் மட்டும்தான். அடுப்புச் சூட்டுக்கு வைக்கிற கண்ணாடிச் சட்டியின்ர ஒரு துண்டும் வரக்கூடாது. அது வேற கண்ணாடி, ஒட்டாது, பிறகு மணி வெடிச்சுப்போகும்,” என்று இரண்டு தரம் சொன்னாள்.

“ஓம், தெரியும்,” என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை அப்படியொரு சட்டி என் கையிலிருந்து விழுந்து நொறுங்கியது. அந்த வாரத்தில் நான் உடைத்தது அது மூன்றாவது. மேற்பார்வையாளர் வருவதற்குள் அள்ளி வாளிக்குள் கொட்டினேன். பிறகு பொறுக்கி எடுக்கலாம் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாளியை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டேன்.

சடங்கு லாசாலில் அவர்கள் வீட்டில் நடந்தது. பிள்ளை ஆடத் தொடங்கியதும் இடுப்பு மாலையின் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளந்து விழுந்தன. ஒரு சில்லு இடுப்பில் கீறி இரத்தம் கசிந்தது. பிள்ளை அறைக்குள் ஓடிவிட்டாள்.

“என்ர கைதான் பிழைச்சுப்போச்சு,” என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே தாய் குனிந்து பொறுக்கினாள். நானும் பக்கத்தில் குந்தியிருந்து பொறுக்கினேன். வாளிக்குள் கொட்டிய சட்டி எனக்கு நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “அவவுக்குத் தெரியாதுதானே. சும்மா இரும்,” என்றார். இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அச்சுகளை யாருக்காவது கொடுத்துவிடப் போவதாக அவள் சொன்னாள். “இனி எனக்குச் சரிவராது. கை மறந்துபோச்சு.”

சாப்பிடுவதை நிறுத்தினேன். “உங்கட கையில பிழையில்லை,” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. “அண்டைக்கு என்னோட இருந்து பொறுக்கினீங்கள்.”

“ஓம்.”

“பொறுக்கேக்க தெரியுமா?”

“தெரியும்.”

சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

ஒரு வாரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள்: மகளிடம் நானே சொல்லவேண்டும். போய்ச் சொன்னேன். பிள்ளை தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா ஒவ்வொரு நாளும் தன்ர கையைத்தான் திட்டினவ,” என்று பிரெஞ்சில் சொன்னாள். 

தாய் அச்சுகளை யாருக்கும் கொடுக்கவில்லை. மறுபடி மணி சுடுகிறாள். போத்தல்களைத் தானே சேர்க்கிறாள். காலையில் இருவரும் போன்ஜூர் சொல்லிக்கொள்கிறோம். உதவட்டுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வருகிறது. கேட்க எனக்கு முகமில்லை.