ஏழாம் நம்பர் மலையில் எனக்கொரு ஆத்தா

தெய்வத்தைத் தேடிப் போகிறவர்களுக்குக் காலில் தெம்பு இருக்க வேண்டும். எனக்கு அது இருந்ததில்லை. விடிவதற்குள் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், அப்புறம் மலை, தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினால் அடுப்பு. இதற்கு நடுவில் நான் மூன்று தெய்வங்களைப் பார்த்துவிட்டு நான்காவதாக ஒருத்தியைப் பிடித்துக்கொண்டேன் என்றால் அதைப் பக்தி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நின்று நின்று கால் கடுத்தவள் உட்கார ஒரு இடம் பார்த்தாள், அவ்வளவுதான்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு நான் வாழ்க்கைப்பட்டேன். றொசல்ல ஸ்டேசனில் எங்களை ரயிலேற்றிவிட்ட அம்மா, "இனிமே அவங்க வீட்டுச் சாமிதான் ஒனக்கும் சாமி" என்றாள். என் வீட்டுக்காரரின் குலதெய்வம் இந்தியாவில், திருச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்தாள். அவள் பெயரைச் சும்மா வாயில் எடுக்கக் கூடாது என்பார். நான்கு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து இலங்கைக்கு வந்தவர் அவர். அவள் சேலை சிவப்பு என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அதோடு கோபக்காரி என்று வீட்டில் சொல்லக் கேட்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் முதல் முடி அவளுக்குத்தான். அவளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையின் தலையில் கத்தி படக் கூடாது.

முதலில் ஒரு பையன் பிறந்தான். நாங்கள் இந்த நாட்டுக்காரர்களும் இல்லை, அந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆகிப்போன காலம் அது. இந்தியா போய்வரக் கடுதாசி வேண்டும், அந்தக் கடுதாசிக்கு வேறு கடுதாசி வேண்டும். எல்லா ஆத்தாளும் ஒரே ஆத்தாள்தானே என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, தோட்டத்து மாரியம்மன் கோவிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டோம். ஒரு மாதம் கழித்து அவனுக்கு வயிற்றோட்டம் கண்டது. மூன்றாம் நாள் போய்விட்டான். அடக்கிவிட்டு வந்த வீட்டுக்காரர் லயத்துப் பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் நெடுநேரம் கை கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அங்க உள்ளவளுக்குச் சேர வேண்டியத இங்க உள்ளவளுக்குக் குடுத்துட்டோம்."

நானும் அதை நம்பினேன். இன்றைக்கு ஆயிரம் பேசலாம். பீலித் தண்ணீர் கெட்டுக் கிடந்தது, அந்த வாரம் எங்கள் லயத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு அதே நோய், அவர்களுக்கு யாரும் மொட்டை போடவில்லை. ஆனால் அன்றைக்குப் பால் கட்டி நெஞ்சு வலிக்கப் படுத்துக் கிடந்தவளுக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. என் மேலேயே போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது பிறந்தது மகள். அவள் பிறந்த பதினாறாம் நாளே, முதல் முடி ஊரில்தான் என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். ஒரு வருடம் போயிற்று, இரண்டு போயிற்று. கண்டிக்குப் போய் இந்திய ஆபிசில் தாள்களை நீட்டிவிட்டு வருவார். அந்தத் தாள்கள் எங்கேயோ தூங்கும். மறுபடியும் போவார். மகளின் முடியோ கொடி மாதிரி வளர்ந்தது. எங்கள் பக்கம் ஆறு மாதம் மழை, மிச்ச நாளில் பனி. துவைத்த துணியே காயாத ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையின் முழங்கால் வரை தொங்கும் முடி எப்படிக் காயும்? ஓயாத சளி, பேன், ஈர். கொழுந்தெடுத்துத் தழும்பேறிய விரலால் ஒவ்வொரு நாளும் சிக்கெடுப்பேன். அவள் கத்துவாள். நான் அடிப்பேன். அடித்துவிட்டு நானும் அழுவேன். அப்புறம் தலையில் புண் வந்தது. ஒன்று ஆறினால் பக்கத்தில் ஒன்று உடைந்தது. முடி சீழில் ஒட்டிக்கொண்டு சீப்பு இறங்கவில்லை.

தோட்டத்து மருந்துக்காரரிடம் கொண்டுபோனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"முடிய வழிச்சிட்டு வா. அப்பதான் மருந்து போடலாம். இப்பிடியே விட்டா காய்ச்சல் கண்டு தலைக்கு ஏறிடும்."

"நேத்திக்கடன் இருக்குதுங்க ஐயா."

"அப்ப அந்தச் சாமிகிட்டயே மருந்து வாங்கிக்க" என்று கதவைக் காட்டினார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. வழித்தால் மூத்தவனைப்போல இவளும் போய்விடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், வழிக்காவிட்டால் கண்ணெதிரே அழுகிப் போவாளே என்ற பயம் மறுபக்கம். திருச்சிப் பக்கத்துக்காரியிடம் எனக்காக ஜாமீன் நிற்க ஒருத்தி வேண்டும். அந்த முடியைக் கையில் வாங்கி, இது என் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். அப்படி ஒருத்தியைத்தான் தேடினேன்.

மாரியம்மனிடம் போக மனம் வரவில்லை. மகன் போனதிலிருந்து அவள் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. திருவிழாவுக்கு மாவிளக்கு எடுத்துப் போவேன், அவள் காலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். வாங்கிக்கொண்டவள் காப்பாற்றியிருக்க வேண்டாமா?

என் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த வேதக்கார அக்கா ஒருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மாதா கோவிலுக்குக் கூட்டிப்போனாள். மாதா நல்ல அழகு. பொறுமையான முகம். ஆனால் கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கையில புள்ளையோட நிக்கிறவகிட்ட நா என்னத்தக்கா பேசுறது?" என்றேன்.

"ஏ, அவளும் பறிகொடுத்தவதான்டி" என்றாள் அக்கா.

அது என் நெஞ்சில் தைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். திரும்பத் திரும்பப் போயிருப்பேன், பொய் இல்லை. ஆனால் போக நாலு மைல்கட்டை, வர நாலு கட்டை. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் எட்டுக் கட்டை நடந்தால் திங்கட்கிழமை மலையேறுவது யார்? மாதாவை நான் விட்டது அந்தத் தூரத்துக்காகத்தான்.

கடைசியில் என் கண்ணில் பட்டது தினமும் பார்க்கிற ஒரு கல்.

ஏழாம் நம்பர் மலையின் அடிவாரத்தில், நிழல் மரம் ஒன்றின் கீழே, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. நிரை பிடிப்பதற்கு முன்னால் நாங்கள் "பொலி, பொலி" என்று சொல்லி முதல் கைக்கொழுந்தை அதன் மேல் போடுவோம். அதை எல்லாரும் சாமி என்பார்கள். ஆண் சாமியா பெண் சாமியா என்று யாரும் கேட்டதில்லை. பெண் என்று முடிவு செய்தது நான்தான். கூரை இல்லை, விளக்கு இல்லை, மழையில் நனைந்துகொண்டு, கால்மாட்டில் அட்டை ஊர, யாரிடமும் எதுவும் கேட்காமல் நிற்கிறாள். வேறு யாராக இருக்க முடியும்? அவளுக்கு விரதம் இருக்க வேண்டாம், பச்சைத் தண்ணீரில் முழுக வேண்டாம், கெடா வெட்ட வேண்டாம். வேலைக்குப் போகிற வழியிலேயே இருந்தாள். அது எனக்குப் பெரிய உபகாரம். கூடையைத் தலையில் மாட்டும்போது அவளிடம் ஒரு பேச்சு, இறங்கும்போது ஒரு பேச்சு. இன்றைக்குப் பிள்ளை சாப்பிடவில்லை, இன்றைக்குக் கங்காணி கண்டபடி ஏசினான், என்று. இரண்டு மாதத்தில் அவளிடம் சொல்லாதது எதுவும் என்னிடம் மிச்சமில்லை.

ஒரு நாள் வீட்டுக்காரரிடம் வாயைத் திறந்தேன். "ஏழாம் நம்பர் ஆத்தாகிட்டப் பூக்கட்டிக் கேட்டுப் பாக்குறேங்க. அவ சம்மதம் குடுத்தா முடிய அவளுக்கே குடுத்துருவோம்."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் ஓய்ந்துதான் போயிருந்தார்.

"வெள்ள வந்தா சரி" என்றார். "செவப்பு வந்தா இதோட பேச்ச விட்டுரணும்."

ஆபிசுக் கிளாக்கர் வீட்டுத் தோட்டத்தில் கேட்டு ஒரு வெள்ளை டேலியாவும் ஒரு சிவப்பு டேலியாவும் வாங்கினேன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். பூக்களைத் தனித்தனியே ஒரே மாதிரிக் காகிதத்தில் பொதிந்து, வெறுங்கூடைக்குள் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தால் சிவப்பு.

திரும்பப் பொதிந்து குலுக்கி எடுத்த அடுத்த தடவையும் சிவப்புத்தான். ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? மூன்றாவது தடவையும் கேட்டேன். அதுவும் சிவப்பு. வெள்ளைப் பூவை மறந்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில் கூடையைக் கவிழ்த்தேன். மற்றப் பொட்டலத்தில் வெள்ளை பத்திரமாக இருந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அவளை வாயில் வந்தபடி ஏசினேன். "ரெண்டு மாசமா எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுக் கல்லு மாதிரி நின்னீல்ல? இப்ப மட்டும் வேணாம்னு சொல்ல ஒனக்கு வாய் வந்துருச்சா? ஒன்னய ஆத்தான்னு சொன்னதே நாந்தான். நீ வேணாம்னாலும் முடி ஒனக்குத்தான். எதுவும் எடுக்குறதா இருந்தா என்னய எடு. புள்ள பக்கம் திரும்பாத." இப்படிச் சொல்லிவிட்டு, வெள்ளைப் பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டு இறங்கினேன்.

லயத்து வாசலில் அவர் நின்றார். என் கொண்டையைப் பார்த்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் முகம் கோணியது. மகன் செத்த அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் அந்தக் கல்லின் முன்னால் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவரே வழித்தார். புண்ணைச் சுற்றிச் சுற்றி அவ்வளவு பதமாகக் கத்தி போட்டார். முடியைக் கல்லின் அடியில் புதைத்தோம். அவர் விழுந்து கும்பிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை எந்த எதிரியும் பட வேண்டாம். மருந்துக்காரர் மருந்து போட்டார், புண் காய்ந்தது, வீட்டுக்காரர் சந்தோசமாக இருந்தார். சிவப்பு வந்தது எனக்கும் கல்லில் இருந்தவளுக்கும் மட்டும் தெரியும். ஒன்பதாம் நாள் மகளுக்கு மேல் சுட்டது. மலையில் நின்றவளுக்கு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஓடினேன். இரண்டு நாள் அவளை மடியை விட்டு இறக்கவில்லை. "வெள்ள குடுத்தவ விடமாட்டா, பயப்படாத" என்று அவர் எனக்குத் தைரியம் சொன்னார். அந்த வார்த்தை ஒவ்வொன்றும் எனக்குச் சூடு போட்டது. மூன்றாம் நாள் காலையில் மகள் ரொட்டி கேட்டாள். மொட்டைத் தலையில் பனி பட்டு வந்த வெறும் காய்ச்சல்தான் அது.

திங்கட்கிழமை கல்லில் கொழுந்தைப் போட்டபோது நான் "பொலி" சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னேன். அவள் மன்னித்தாளா, பயந்தாளா, முதலிலிருந்தே அதில் அவளுக்கு அக்கறை இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை.

மகளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, இரண்டு அரசாங்கமும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்டதாகச் செய்தி வந்தது. இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்றார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் ஒரு கொப்பியோடு லயம் லயமாக வந்து, யாருக்குப் போக விருப்பம், யாருக்கு இருக்க விருப்பம் என்று கேட்டு எழுதினார். எத்தனையோ வருடம் கண்டிக்கு நடையாய் நடந்தவர் அல்லவா, இவர் முதல் ஆளாகப் போவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நாங்க போகலங்க" என்றார் அவர்.

தலைவர் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, ஒங்க கொலசாமி அங்கதான?"

"எம் புள்ள முடிய இங்க உள்ளவ வெள்ளப் பூ குடுத்துக் கேட்டு வாங்கியிருக்கா. இவள விட்டுட்டு எங்கங்க போறது?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "பூக்கட்டிப் பாத்தது நீதானம்மா? வெள்ளதான் வந்துச்சா?"

முதலில் கொண்டைப் பூவால் சொன்ன பொய் பிள்ளைக்காக. அதற்கு நான் கூசியதில்லை. இப்போது கேட்பது வேறு. உண்மையைச் சொன்னால் அவர் அன்றைக்கே மூட்டை கட்டுவார். ராமேசுவரத்தில் இறங்கி, பெயர்கூடச் சொல்லக் கூடாத ஒரு கோபக்காரியின் முன்னால் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அறிந்து, அவளோடு சண்டை போடும் அளவுக்கு நெருங்குவதற்குள் என் ஆயுள் போய்விடும். மகன் கிடக்கும் மண்ணையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். அவருக்குச் சொந்த ஊரைப் பார்க்கும் ஆசை ஒன்றுதான் இருந்தது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பதும் எனக்குத் தெரிந்தது. எனக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது.

"வெள்ளதாங்க" என்றேன்.

தலைவர் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார்.