அக்கா மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த வெற்றி

இன்று நடந்ததைச் சொல்கிறேன். ஒருவரும் நம்பமாட்டீர்கள், இது சத்தியம்.

பார்வையில்லாத என் அக்கா மகள் கவிதாவோடு அவள் காலேஜ் ஆபீசுக்குப் போனேன். பரீட்சை ஃபாரத்துக்கு இன்றே கடைசி நாள்.

கிளார்க் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா சார், பொண்ணுக்கு இன்னா வேணும்?"

நான் கர்ஜித்தேன். எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்க ஷாஃப்டின் அடிவரை அதிர்ந்தது. மேஜைகள் பறந்தன. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டுமென்று ஃபாரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, வெற்றியோடு வெளியே வந்தேன்.

"லேப்டாப்ல நானே எழுதணும்னுதான் வந்தேன் மாமா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் கவிதா.

தனியாகத் திரும்பிப் போனாள். கிளார்க் சொன்னாராம்: "மாமா கையெழுத்து போட்டுட்டாரும்மா. மாத்தணும்னா அவரையே கூட்டிட்டு வா."

"வா. வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்று என்னை உள்ளே அழைத்துப் போனாள்.

கிளார்க் ஒவ்வொரு கேள்வியையும் என்னிடமே கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவளே பதில் சொன்னாள். லேப்டாப்புக்கு அனுமதி கிடைத்தது. அந்த மனுஷன் கைகொடுத்தது எனக்கு!

கர்ஜனையும் பறந்த மேஜைகளும் புளுகுதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் நான் வாயே திறக்கவில்லை என்பது நிஜம். இதை நம்புகிறவர் ஒருவராவது இருந்தால் கமெண்டில் வாருங்கள்.