சோப்பில்லாத நுரை

சலவைக்கடைக்காரி கறையைக் கண்டால் விடமாட்டாள். இருபது வருடத்தில் அவள் கைக்குத் தப்பிய கறை என்று ஒன்று கிடையாது. அந்தக் கைதான் ஐந்து மீன்களைக் கொன்றது.

துவைத்த மேசைவிரிப்புகளைக் கொடுக்க ஒரு ஹோட்டலுக்குப் போனபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. வரவேற்பறையில் ஒரு உப்புநீர்த் தொட்டி. உள்ளே கல் என்று அவள் நினைத்த ஒன்று, குழந்தை உள்ளங்கையை விரிப்பதுபோல மெதுவாக விரிந்தது. அதற்குப் பெயர் பவளம், அது உயிருள்ளது என்று வாசலில் நின்ற காவலாளி சொன்னார். அன்று ரசீதில் கையெழுத்து வாங்காமலே திரும்பினாள். அடுத்த வருடம் அவள் வீட்டுக் கூடத்தில், டிவி இருந்த இடத்தில், அதே மாதிரி ஒரு தொட்டி வந்து உட்கார்ந்தது. டிவி படுக்கையறைக்குப் போனது. பஸ் ஓட்டுநரான அவள் கணவர் அதை மன்னிக்கவே இல்லை.

ஏழெட்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு தொட்டிக்குள் இருந்த பாறைகள் பழுப்பேற ஆரம்பித்தன. அவளுக்கு உறுத்தியது. ஒரு விடுமுறை நாளில் பாறைகளையும் வடிகட்டியில் இருந்த பஞ்சையும் வெளியே எடுத்து, குழாயடியில் போட்டு, பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்துத் திரும்ப வைத்தாள். நான்காம் நாள் மீன்கள் மிதந்தன.

"அந்தப் பாறையில இருக்கிற கிருமிங்கதான்க்கா மீனோட கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துது. குழாய்த்தண்ணியில குளோரின் இருக்கு. வேலை செய்றவங்களையெல்லாம் கொன்னுட்டு வீட்டைப் பெருக்கி வச்சிருக்கீங்க" என்றார் மீன்தொட்டிக் கடைக்காரர். அவளைவிடப் பத்து வயது இளையவர்; எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

தப்பியது ஒரு கோமாளி மீனும், கட்டைவிரல் அளவுப் பவளமும்தான். அவற்றைக் கடைக்காரர் தன் தொட்டியில் விட்டுக்கொண்டார். "இருபது நாள் பார்த்துக்கறேன். அதுக்கப்புறம் புதுச் சரக்கு வருது. தண்ணி சரியானாதான் திருப்பித் தருவேன். ஆகலைன்னா, நல்லா வச்சிருக்கிற வேற யாருக்காவது கொடுத்துடுவேன்."

வீட்டில் கணவர் தன் பங்குக்குச் சொன்னார். "இந்தத் தடவையும் போச்சுன்னா தொட்டி வெளியே, டிவி உள்ளே."

"சரி."

"பேச்சு மாறக் கூடாது."

"மாறினா நீங்க ஓட்டுற பஸ்ஸுக்குக் குறுக்கே வந்து நிக்கிறேன், போதுமா?"

மறுநாளே இருவரும் மீன்தொட்டிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முதலில் கறுப்பு டப்பா மாதிரி மூடிபோட்ட ஒரு பெரிய வடிகட்டியைக் காட்டினார். சத்தமே வராது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்தால் போதும் என்றார்.

"இதையே கட்டுங்க" என்றார் கணவர். "சத்தமில்லாம இருக்குமாம். வீட்ல அப்படி ஒண்ணாவது இருக்கட்டும்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "தம்பி, ஆறு மாசம் வரைக்கும் அழுக்கு எங்க இருக்கும்?"

"உள்ளேதான், பஞ்சுல."

"தண்ணி அது வழியாத்தான் போகுமா?"

"ஆமாக்கா."

"அப்போ இது துவைக்கிறது இல்லையே. அழுக்குத் துணியை மூட்டை கட்டி பீரோவுல வைக்கிறது."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அவள் மெல்லக் கடையின் பின்னறைக்குப் போனாள். அங்கேதான் அவர் தன் சொந்தப் பவளங்களை வைத்திருந்தார். தொட்டியின் பின்பக்கம் ஒரு கண்ணாடிக் குழல் தொங்கியது. குழலுக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள் ஏறின. அவை மேலே போய்ப் பழுப்பு நுரையாகி ஒரு கிண்ணத்துக்குள் வழிந்தன.

"இது என்ன?"

"ஸ்கிம்மர்க்கா. தண்ணியில கரைஞ்ச அழுக்கு குமிழியில ஒட்டிக்கிட்டு மேல வந்துடும். கிண்ணத்தைக் கொட்டிட்டா அழுக்கு தொட்டியை விட்டே போயிடும். ஆனா உறுமும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொட்டணும். நாறும். அதான் யாரும் விரும்ப மாட்டாங்க."

நுரை அழுக்கைத் தூக்கிக்கொண்டு வரும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "உங்க பவளத்துக்கு இதை வச்சுக்கிட்டு என் தலையில டப்பாவைக் கட்டப் பார்த்தீங்களே" என்றாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஸ்கிம்மரை எடுத்துக் கொடுத்தார்.

வாளி வாளியாக உப்புக் கலந்து, தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பி, ஸ்கிம்மரை ஓடவிட்டாள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளைவெளேரென்று நுரை பொங்கி, கிண்ணம் தாண்டி, சுவர் வழியாகக் கூடத்தில் இறங்கியது.

"அடடா, என்ன வேகம்! எல்லா அழுக்கும் வந்துடுச்சு" என்று கணவர் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டார்.

அவள் நுரையைக் கிள்ளி இரு விரல்களுக்கு நடுவே தேய்த்தாள். வழுக்கியது. இந்த வழுக்கலை அவள் தூக்கத்திலும் சொல்லிவிடுவாள். உப்புக் கலந்தது தன் சலவைக்கடையிலிருந்து கொண்டுவந்த வாளியில். பத்துத் தடவை அலசியிருந்தாள். ஆனால் வருடக்கணக்கில் சோப்பு குடித்த பிளாஸ்டிக் பத்து அலசலுக்கு மசியுமா?

யாரையும் நொந்துகொள்ளவில்லை. தொட்டித் தண்ணீர் முழுவதையும் குடம்குடமாக வெளியே கொட்டினாள். தொட்டியையும் ஸ்கிம்மரையும் நல்ல தண்ணீரில் விடாமல் அலசினாள். புது வாளி வாங்கி, அதன்மேல் பெயிண்டால் 'மீன்' என்று எழுதினாள். குளோரின் நீக்கும் மருந்து விட்டு மறுபடி உப்புக் கலந்தாள். கடைக்காரர் தன் தொட்டியிலிருந்து கொடுத்த பழுப்புப் பாறைகளை ஈரம் காயாமல் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் நாலு நாள் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். செய்ய வேலையே இல்லை. பாறையில் வாழும் கிருமிகளுக்கு இரையாக, கடைக்காரர் சொன்னபடி, மீன் தீனியில் ஒரு சிட்டிகை தினமும் போட வேண்டும், அவ்வளவுதான். ஸ்கிம்மர் உறுமிக்கொண்டே இருந்தது. கிண்ணமோ காய்ந்து கிடந்தது. கண்ணாடியில் பழுப்பு படிந்தது. பாறைகள் இன்னும் அசிங்கமாயின. சலவைக்கடையிலிருந்து வந்ததும் அவள் கை தானாகப் பிரஷ்ஷைத் தேடும். ஒருநாள் பிரஷ்ஷை எடுத்துக் கணவரிடம் கொடுத்துவிட்டாள்.

"இதை உங்க பஸ்ஸுல கொண்டுபோய் வச்சிடுங்க. நான் கேட்டாலும் தராதீங்க."

"டிவியை எப்போ தூக்கட்டும்?" என்றார் அவர். பிரஷ்ஷை மட்டும் மறக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

பதினாறாம் நாள் காலை, குழலின் உச்சியில் விரற்கடை உயரத்துக்கு நுரை நின்றது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். வழுக்கவில்லை, பிசுபிசுத்தது. பதினெட்டாம் நாள் கிண்ணத்தில் தேநீர் நிறத்தில் தண்ணீர் தேங்கியது. அவள் அதைக் கழற்றியதும் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினார்.

"என்னம்மா இது, எலி செத்த மாதிரி!"

"உள்ளே இருந்திருந்தா மீன் செத்திருக்கும்" என்றாள் அவள்.

பத்தொன்பதாம் நாள் ஒரு சீசாவில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் அதைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்துச் சொட்டு மருந்து விட்டு, குழாய்களைக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாக் குழாய்களையும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு பின்னறைக்குப் போய், பையில் மீனையும் பவளத்தையும் எடுத்து வந்தார்.

பவளம் புது இடத்தில் அன்று முழுக்க மூடியே கிடந்தது. மறுநாள் மதியம் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளுக்குப் போன் வந்தது. அன்று கணவருக்கு வார விடுமுறை.

"உன் கல்லு கையை விரிச்சிருக்கு" என்றார். "வந்து பாரு. வரும்போது கையை நல்லாக் கழுவிட்டு வா. சோப்புப் போட்டுத் தொலைக்காதே."